குருட்டு மடு

குறிஞ்சாக்கேணி, கிண்ணியா
10.01.2024

அன்புத் தம்பி பஸ்லானுக்கு,

உன் ராத்தா றஹ்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். கடல் காற்றில் சளி பிடிக்காமல் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன்.

ஆராய்ச்சிக் கப்பலில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. மூன்று மாதமாக உன் குரல் இல்லை. கடிதத்தைக் கொழும்பிலுள்ள அவர்களுடைய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுமாம், உறையை ஒட்டவும் கூடாதாம், அவர்கள் வாசித்த பிறகுதான் உனக்கு வருமாம். வாசிக்கட்டும். உன் மச்சானின் குறட்டையைத் தவிர நம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?

வாப்பா சரக்குக் கப்பலில் இருந்த காலத்தில் உம்மா எப்படி எழுதுவாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கடலில் இருக்கிற ஆளுக்கு முதலில் ஊர்க் கடலின் சேதி, பிறகுதான் வீட்டுச் சேதி. கடலைச் சொல்லாமல் தொடங்கினால் வீட்டில் ஏதோ கெட்டது நடந்துவிட்டதென்று வாசிக்கிறவர் பயந்துபோவார் என்பாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

மகாவலி கங்கை பெருகி, கொட்டியாரக் குடா முழுக்கத் தேத்தண்ணி நிறம். நீ கத்தாரிலிருந்து அனுப்பினாயே மீன் பார்க்கிற மெசின், அது மூன்று நாளாகக் குருட்டு மடுவில் கண்ணை மூடிக்கொண்டது. மற்ற இடமெல்லாம் அடியில் கிடக்கிற கல்லைக்கூடக் காட்டுகிறதாம். வெளிச்சவீட்டு முனைக்கு உள்ளே, கங்கை வாய்க்கு நேரே, அந்த ஒரு பள்ளத்துக்கு மேலே வந்தால் மட்டும் திரையில் ஒன்றுமில்லை. வருசா வருசம் இதே கதைதான். உன் மச்சான் மெசினுக்கு ஏசிய ஏச்சை எழுத முடியாது, நான் தொழுகைக்கு ஒளு செய்துவிட்டு இருக்கிறேன்.

வீட்டில் மகள் இன்ஷிரா பரீட்சைக்குப் படிக்கிறாள், அதாவது புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். மூதூரில் றிஷானா வீட்டாரோடு பேசி முடித்தாயிற்று. அடுத்த வருசம் மாசியில் உன் ஒப்பந்தம் முடிந்து நீ வந்த கையோடு நிக்காஹ்.

துஆவுடன்,
ராத்தா


கப்பலில்
18.02.2024

மரியாதைக்குரிய ராத்தாவுக்கும் மச்சானுக்கும்,

தம்பியின் ஸலாம். நான் சுகம். உங்கள் சுகத்தை அல்லாஹ் நீடிக்கச் செய்யட்டும்.

கடிதம் கிடைத்த அன்று குசினியில் அறுபது பேருக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கை காயும்வரை பொறுக்க ஏலாமல் ஈரக் கையோடு வாசித்தேன்.

ஒரு புதினமான சேதி. கப்பலுக்குச் சொந்தமான நாட்டு அதிகாரி ஒருவருக்குத் தமிழ் தெரியும். அவர்களுடைய பல்கலைக்கழகத்தில் நான்கு வருசம் படித்தாராம். வானொலியில் செய்தி வாசிப்பது போலத்தான் கதைப்பார், 'தாங்கள் உணவு அருந்திவிட்டீர்களா' என்று என்னைக் கேட்பார். நான் அவருக்கு வானொலிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் அவர்தான் கடிதத்தை வாசிப்பது என்பதால் இதையும் வாசித்துச் சிரிப்பார். நல்ல மனுசன்.

மச்சான் மெசினோடு போட்ட சண்டையை வாசித்து விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு என்னை மேல் அறைக்குக் கூப்பிட்டு, கதிரை போட்டு இருக்கச் சொல்லி, குருட்டு மடு என்றால் என்ன, எத்தனை நாள் அப்படி இருக்கும், ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மச்சானுக்கு இன்னும் தெரியும் என்றும் சொன்னேன். அடுத்த நாளே என்னைக் குசினியிலிருந்து எடுத்து மேல்தட்டு வேலைக்குப் போட்டுவிட்டார்கள். சம்பளமும் கூட. மச்சானிடம் கேட்டு எழுதுங்கள் ராத்தா. அவர் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்று குறைப்படுவாரே, இங்கே கேட்க ஆள் இருக்கிறது.

றிஷானாவின் படம் கிடைத்தது. தலையணைக்கடியில் இருக்கிறது.

அன்புத் தம்பி,
பஸ்லான்


குறிஞ்சாக்கேணி
12.03.2024

அன்புத் தம்பிக்கு ஸலாம்.

இன்று முதல் நோன்பு. எல்லாரும் சுகம், உன் மச்சானைத் தவிர. அவருக்குத் தலைக்கனம் பிடித்திருக்கிறது.

அசர் தொழுதுவிட்டு வந்து நடுவீட்டில் கதிரை போட்டு இருந்துகொண்டு, “எழுது” என்றார். பதினெட்டு வருசக் குடித்தனத்தில் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. கங்கைத் தண்ணி கலங்கி வந்து பத்தாம் நாள் மடு குருடாகும், தண்ணி தெளிந்து ஒரு மாதம் போனபிறகுதான் கண் திறக்கும். மேலே ஆற்றுத் தண்ணி, குடித்தாலும் குடிக்கலாம். கை விரித்து அளக்கிற கணக்கில் ஆறு பாகம் இறங்கினால் உப்பு, அதற்குக் கீழே ஐஸ் போலக் குளிர். தூண்டில் கயிறு இரண்டு சுருளை முடிந்து விட்டும் தரை தட்டவில்லை. ஆனால் கிழக்குப் பக்கம் ஒரு திட்டு இருக்கிறது, மணல், கல் இல்லை, வலை கிழியாது. கரையில் எந்த மரத்தையும் எந்தக் கோபுரத்தையும் நேர் பிடித்தால் அந்த இடம் வரும் என்பதைத் தனித் தாளில் கீறித் தந்திருக்கிறார். அவர் கீறியது ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறது, ஆனாலும் கணக்குச் சரி.

“சொந்தத் தம்பிமாருக்கும் இவ்வளவு சொன்னதில்லை, பஸ்லானுக்கு வேலை கூடுமெண்டா சொல்லத்தானே வேணும்” என்றார். எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

நோன்பு பிடிக்க விடுகிறார்களா? ஸஹருக்கு என்ன சாப்பிடுகிறாய்? எழுது.

ராத்தா


துறைமுகத்தில்
30.06.2024

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு ஸலாம். நான் சுகம்.

நீங்கள் எழுதிய மூன்று கடிதமும் சேர்ந்து கிடைத்தன. பதில் எழுதப் பிந்தியதற்கு மன்னிக்கவும். கப்பல் பழுதுபார்க்க அவர்களுடைய நாட்டுத் துறைமுகம் ஒன்றில் நிற்கிறது. நல்ல சாப்பாடு. வேலை அதிகமில்லை.

மச்சானுக்கு என் நன்றி. வானொலிக்காரரும் நன்றி சொன்னார். இனிமேல் கடலைப் பற்றி எழுத வேண்டாம் ராத்தா. வாசித்தால் ஊர் ஞாபகம் வந்து வேலை ஓடுவதில்லை. வீட்டைப் பற்றி மட்டும் எழுதுங்கள். ஆடு குட்டி போட்டதா? இன்ஷிரா பரீட்சை எப்படி எழுதினாள்?

பஸ்லான்


குறிஞ்சாக்கேணி
22.07.2024

அன்புத் தம்பிக்கு ஸலாம்.

கடலைச் சொல்லாமல் தொடங்குகிறேன், பயந்துவிடாதே. நீதானே வேண்டாம் என்றாய்.

உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த கடிதத்துக்கென்று சின்னக் கொப்பியில் ஏதோ குறித்து வைத்திருந்தார், அதை எடுத்து அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார். எனக்குக் கோபம் உன்மேல்தான். நான்கு மாதம் கழித்துப் பதினைந்து வரி எழுதுகிறாய். உன் எழுத்துப் போலவும் இல்லை. யாரோ பக்கத்தில் நிற்க எழுதியது போல இருக்கிறது.

ஆடு இரண்டு குட்டி. இன்ஷிரா பரீட்சையை நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள், முடிவு வந்தால் தெரியும். றிஷானாவுக்குக் கூறைச் சேலை எடுக்கத் திருகோணமலை டவுனுக்குப் போனோம். அவளுக்குப் பிடித்தது பச்சை. உனக்குப் பிடிக்குமா என்று பத்துத் தடவை கேட்டாள்.

மாசியில் வருவாய்தானே? அதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் எழுது.

ராத்தா


(உறையில் போடாமல், கையில் கொடுத்தனுப்பியது)
05.09.2024

ராத்தா, மச்சான்,

ஸலாம். இதைக் கொண்டுவருகிறவர் மூதூர் ஜெமீல், இதே கப்பலில் இரும்பு ஒட்டுவேலைக்காரர். அவருடைய வாப்பா மௌத்தாகிவிட்டதால் ஊருக்கு அனுப்புகிறார்கள், இனித் திரும்பி வரமாட்டார். காலில் போட்ட சப்பாத்துக்குள் வைத்துக் கொண்டுவருகிறார். வாசித்துவிட்டு எரித்துவிடுங்கள்.

நான் உங்களை ஏமாற்றவில்லை, நானே ஏமாந்தேன். நாங்கள் நின்ற துறைமுகத்தில் பெரிய கொட்டகைகள் இருக்கின்றன, கூரையும் கதவும் மூடியபடி. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கதவு திறக்கும், கறுப்பாக ஒரு நீர்மூழ்கி இறங்கிப் போகும். நான் இருந்த காலத்தில் இரண்டு போய்விட்டன. பழையவை சத்தம் போடுமாம், தூரத்திலிருந்தே கேட்டுப் பிடித்துவிடுவார்களாம். புதியவை சத்தமே போடாது. இவர்களுக்கு இப்போது தேவை கப்பல் அல்ல, தங்கள் கரையிலிருந்து தூரத்தில் அவை போய்ப் படுத்துக்கொள்ள இடம். நாங்கள் வெள்ளைக் கப்பலில் போய்க் கடலடியை அளப்பது அதற்குத்தான்.

மச்சானின் மெசின் எப்படி வேலை செய்கிறது? கீழே சத்தம் அனுப்பி, திரும்பி வரும் சத்தத்தைக் கேட்டு மீனைக் காட்டுகிறது. நீர்மூழ்கியைத் தேடுகிறவர்களும் அப்படித்தான் தேடுகிறார்கள். ஆற்றுத் தண்ணி மேலேயும் குளிர் உப்புத் தண்ணி கீழேயும் கிடந்தால் சத்தம் வளைந்து போய்விடுமாம். மச்சானுக்கு மீன் தெரியாத இடத்தில் மற்றவனுக்கு நீர்மூழ்கியும் தெரியாது. அதுவும் திருகோணமலைத் துறைமுகத்தின் வாசலில். வானொலிக்காரர் உங்கள் கடிதத்தை மேசையில் கண்ணாடிக்கடியில் வைத்திருக்கிறார். மச்சான் கீறிய படமும் அங்கேதான்.

அங்கே வந்து அளப்பதா விடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. மீன்பிடிக்காரரின் கதையை நம்பி இவ்வளவு செலவா என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம். வருவதென்று முடிவானால் என்னை விடமாட்டார்கள், இடம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். என் கடவுச்சீட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது. வேண்டாமென்று விட்டால் மாசியில் அனுப்பிவிடுவார்கள்.

அதனால் ஒரு பொய் எழுதுங்கள் ராத்தா. மடுவில் ஒன்றுமில்லை, மெசினில்தான் பிழை என்று, வழமையாக எழுதுவது போல எழுதுங்கள். இந்தக் கடிதம் கிடைத்ததென்றால், நான் அனுப்பிய சொக்லட் கிடைத்தது என்று எழுதுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

பஸ்லான்


குறிஞ்சாக்கேணி
02.10.2024

அன்புத் தம்பிக்கு ஸலாம். எல்லாரும் சுகம். உன் சுகத்துக்குத் துஆ.

ஜெமீல் வந்து போனார். நீ அனுப்பிய சொக்லட் கிடைத்தது. இன்ஷிரா ஒருத்தியே முடித்துவிட்டாள்.

நீ வேண்டாமென்றாலும் இந்தக் கடல் சேதியை எழுதாமல் இருக்க முடியவில்லை, ஊரே சிரிக்கிறது. உன் மச்சான் மீன் மெசினைத் திருத்தக் கொடுத்தார். திறந்து பார்த்தால் உள்ளே வயரை எலி கடித்து வைத்திருக்கிறது! எத்தனை வருசமாக அந்த மடுவைக் குருடு குருடு என்று சொன்னோம், பாவம் அது. இப்போது வயர் மாற்றியபின் குருட்டு மடுவிலும் மீன் பளிச்சென்று தெரிகிறதாம். துறையில் எல்லாரும் உன் மச்சானை எலி ஜவ்பர் என்று கூப்பிடுகிறார்கள். மனுசன் வெட்கத்தில் இரண்டு நாள் துறைப் பக்கம் போகவில்லை.

நிக்காஹ் மண்டபத்துக்குச் சொல்லிவைத்துவிட்டோம். மாசி பதினைந்து.

ராத்தா


கப்பலில்
20.11.2024

மரியாதைக்குரிய ராத்தாவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். நான் சுகம்.

எலிக் கதையை வானொலிக்காரர் எனக்கு முன்னால் சத்தமாக வாசித்தார். சிரிக்கவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார், அதை உங்களுக்கும் எழுதச் சொன்னார். “வயரை எலி கடித்திருந்தால் மெசின் எல்லா இடத்திலும் அல்லவா குருடாகியிருக்க வேண்டும்? தங்கள் சகோதரி முதல் கடிதத்தில், மற்ற இடங்களில் கல்லைக்கூடக் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறாரே?”



அதுவரை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நாள் கழித்து ஒருவர் இப்படி மாற்றி எழுதுகிறார் என்றால் அங்கே பார்க்க ஏதோ இருக்கிறது என்று அவர் மேலிடத்தில் சொல்லிவிட்டாராம். நம் அரசாங்கத்திடமும் அனுமதி கிடைத்துவிட்டதாம். மார்கழியில் வருகிறோம். சின்னப் படகில் போய் இடத்தைக் காட்டுவது நான்தான். கரைக்கு வர விடமாட்டார்கள். ஆனாலும் ஊரைப் பார்க்கப் போகிறேன் என்று சந்தோசமாக இருக்கிறேன்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள்மேல் ஒரு பிழையும் இல்லை.

பஸ்லான்


குறிஞ்சாக்கேணி
27.12.2024

என் தம்பிக்கு ஸலாம்.

கடல். கங்கை இந்த வருசம் கார்த்திகையிலேயே கரை மீறி வந்தது. உங்கள் கப்பல் வருகிறதென்று இந்த மாதம் பத்தாம் திகதி முதல் மூதூரிலிருந்து சாம்பல்தீவுவரை ஒரு தோணியும் இறங்கக் கூடாதென்று ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். உழைக்கிற மாதம் இதுதான் என்று உனக்குத் தெரியும். உன் மச்சானின் தோணி கவிழ்ந்து கிடக்கிறது, அதன்மேல் ஆட்டுக்குட்டிகள் ஏறி விளையாடுகின்றன.

உங்கள் வெள்ளைக் கப்பல் நின்ற நாட்களில் கொஞ்சம் வெளியே சாம்பல் நிறத்தில் இன்னொரு கப்பல் நின்றது. பக்கத்துப் பெரிய நாட்டினுடையதாம். நம்மிடம் மீன் வாங்க வரும் கனகரத்தினம் மாஸ்டர் பார்த்துவிட்டுச் சொன்னார், “ஒருத்தன் பதுங்க இடம் தேடுறான், மற்றவன் அவனைப் பிடிக்க இடம் தேடுறான். ரெண்டு பேருக்கும் வேண்டியது இந்த ஒரு துண்டுக் கடல்தான். எங்களிட்ட ஒருத்தனும் கேக்கமாட்டான்.” உன் மச்சான் அவருக்குக் கொடுக்க மீன் இல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நீ வருகிறாய் என்று தெரிந்தபின் வீட்டில் இருக்க முடியுமா? நானும் றிஷானாவும் ஆட்டோ பிடித்து, கங்கை வாய்ப் பக்கக் கரைக்கு மூன்று நாள் தொடர்ந்து போனோம். மூன்றாம் நாள் ஒரு சின்னப் படகு உள்ளே வந்தது. முகம் தெரியவில்லை. படகின் முனையில் ஒருவர் கையை நீட்டி இடம் காட்டிக்கொண்டு நின்றார், வாப்பா நிற்பது போலவே இடது காலை மடித்து. அது நீதான். இன்ஷிராவின் சிவப்புக் குடையை விரித்து நான் தலைக்கு மேலே ஆட்டினேன். கை ஓய்ந்ததும் றிஷானா வாங்கி ஆட்டினாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம் இல்லை, ஆனாலும் கூப்பிட்டோம்.

அந்தக் குடை உனக்குத் தெரிந்ததா?

எலியை எழுதியது நான். மச்சான் அப்போதே சொன்னார், பொய் சொல்லத் தெரியாதவள் சொல்லாமல் விடுவதுதான் நல்லது என்று. நான் கேட்கவில்லை. என்னை மன்னித்துக்கொள் தம்பி.

ராத்தா


கப்பலில்
14.02.2025

மரியாதைக்குரிய ராத்தாவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். நான் சுகம்.

நாளைக்கு மாசி பதினைந்து. என் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருசத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். போடாமல் இருக்க வழி இருக்கவில்லை. றிஷானா வீட்டாருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மச்சான் சொன்னதெல்லாம் சரி. பத்தாம் நாள், ஆறு பாகம், கிழக்கு மணல் திட்டு, ஒன்றும் பிசகவில்லை. கோடி கோடியாகச் செலவழித்த கருவிகளும் மச்சானின் மெசின் மாதிரியே குருடாகின. எல்லாரும் கை தட்டினார்கள். அவர்களுடைய வரைபடத்தில் இப்படியான இடங்களுக்கு எண் மட்டும்தான் போடுவார்களாம். இதற்கு மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜவ்பர் பள்ளம். மச்சானிடம் சொல்லச் சொன்னார் வானொலிக்காரர்.

கரையில் சிவப்பாக ஒன்று அசைந்தது. அது என்ன, யாருக்காவது காட்டும் கொடியா என்று படகில் இருந்தவர்கள் என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது, யாரோ என்று சொன்னேன். திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பஸ்லான்


குறிஞ்சாக்கேணி
10.03.2025

என் அன்புத் தம்பிக்கு ஸலாம். நோன்பு தொடங்கிவிட்டது. உயிரோடு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ்.

கடல் சேதி. வெளிச்சவீட்டு முனையிலிருந்து கங்கை வாய்வரை நம் கடற்படை மிதவை கட்டிவிட்டது. அதற்குள் இனி எந்தக் காலத்திலும் தோணி போகக் கூடாது. கடலுக்கடியில் காது வைத்துக் கேட்கிற கருவிகளைப் பக்கத்து நாடு கொடுத்திருக்கிறதாம், அங்கேதான் இறக்கப் போகிறார்களாம். எழுத வேறு கடல் நமக்கு இல்லை. மச்சான் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். தோளெல்லாம் தடித்துப்போய்விட்டது.

வீட்டுச் சேதி. றிஷானா காத்திருப்பேன் என்கிறாள். அவளுடைய வாப்பா வேறு இடம் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பச்சைச் சேலை இங்கே என் அலுமாரியில்தான் இருக்கிறது.

நீ திரும்பிப் பார்க்காதது நல்லது. அதற்காக அழாதே.

தம்பி, இனி எழுதுவது உனக்கல்ல. வானொலிக்கார ஐயா, இதை முதலில் வாசிப்பது நீங்கள்தானே, உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, மன்னிக்கவும். நான் பொய் எழுதினேன், நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். இனிப் பொய் இல்லை. என் தம்பி உங்களுக்கு எதற்கு? அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு மடுதான், அதுவும் என் வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தது. வெருகல்வரை அப்படியான இடங்கள் இன்னும் ஒன்பது அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் எழுதித் தருகிறோம். அவனை அனுப்பிவிடுங்கள்.

என் வீட்டுக்காரர் யாரிடமும் ஒன்றும் கேட்காத மனுசன். ஒரே ஒன்று கேட்கச் சொல்கிறார். அந்தப் பள்ளத்திலிருந்து அவருடைய பெயரை எடுத்துவிடுங்கள். எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அசர் தொழுதுவிட்டு வந்துவிட்டார். அலுமாரிக்கு மேலே கிடந்த கொப்பியை எடுத்துத் தூசி தட்டி, போன வருசம் போலவே நடுவீட்டில் கதிரையைப் போட்டு இருக்கிறார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை. “எழுது” என்கிறார். எழுதுகிறேன்.

முதலாவது இடம், ஈச்சிலம்பற்றுக் கரைக்கு நேரே.